விளக்கு வைத்தபின் வெளிக்கிடாத ஆண்கள்

தம்பி,

கொழும்பிலிருந்து நீ போன கிழமை பேசும்போது தொலைபேசி அறுந்துவிட்டதென்று நினைத்திருப்பாய். அறவில்லை, நான்தான் வைத்தேன். "கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறக்காதையுங்கோ அம்மா. பிறகு நானே அவவுக்கு ஆறுதலாச் சொல்லுறன்" என்றாய். அந்த வசனத்தை உனக்குச் சொல்லித் தந்தது யார் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவின் அக்கா, உன் மாமி, என் கலியாணத்துக்கு முன்பு உன் அப்பாவுக்கும் அதையேதான் சொல்லிக் கொடுத்திருப்பா. அதனால்தான் உனக்குத் தொலைபேசியில் பதில் சொல்லாமல் எழுதுகிறேன். இதன் பிரதியொன்று சஞ்சிகைக்கும் போகிறது. உன் பெயரோ மாமியின் பெயரோ இதில் இல்லை. உனக்குப் பேசியிருக்கும் பெண்ணை வதனி என்று எழுதுகிறேன். அந்தப் பெயரை அவளே தெரிவுசெய்தாள். ஆனால் விளக்கு வைத்தபின் வெளியே வராத ஆண்கள் உள்ள குடும்பம் இந்தத் துறைமுகத்தைச் சுற்றி எத்தனை இருக்கிறது? வாசிக்கிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். கண்டுபிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அப்பாவின் வீட்டார் என்னைப் பார்க்க வந்தது ஒரு காலையில். முகூர்த்தமும் காலையில்தான். எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதானே பெண்ணுக்குத் தோழியாக நிற்பது? மாமிதான் எனக்குத் தோழி. கூறைச் சேலையின் கொய்யகத்தை அவதான் மடித்துச் செருகினா. ஒரு மடிப்புப் பிசகினாலும் உருவி எடுத்து மறுபடி மடித்தா. மடித்துக்கொண்டே சொன்னா: "ஒரு விசயம், பிள்ளை. எங்கட ஆம்பிளையள் விளக்கு வைச்சாப் பிறகு வெளிக்கிடுறேல்லை. பாட்டன் காலத்தில அம்மாளுக்கு வைச்ச நேர்த்திக்கடன். நீ படிச்ச பிள்ளை, சிரிப்பாய். சிரிச்சாலும் மறந்துபோகாதை." நான் சிரித்தேன். விலங்கியல் படித்துவிட்டு அப்போதுதான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு தெய்வம் எதற்காக ஆண்களை மட்டும் பொழுதுபட்டதும் வீட்டுக்குள் அடைக்கும் என்று யோசிப்பதற்குப் பதிலாக, இவர்களுடைய அறியாமையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அப்பா நல்ல மனிதர். துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். எப்போதும் காலை வேலைதான். பின்னேரம் வந்தால் அதே கதிரையில் இருப்பார். குசினிக்குப் போகும் வழியில் ஒரு முக்காலியை யாராவது நகர்த்தி வைத்தால் மட்டும் கோபம் வரும். "வைச்சது வைச்ச இடத்தில இருக்கவேணும், இல்லாட்டி அது வீடில்லை, சந்தை" என்பார். ஒழுங்கான மனிதரென்று நான் பெருமைப்பட்டேன். மாலையில் கடற்கரைக்குக் கூப்பிட்டால், "அம்மாள் வேலி போட்டிருக்கிறா, நான் என்ன செய்ய?" என்று பகிடி விடுவார். அந்தப் பகிடிக்குப் பின்னால் அவர் எவ்வளவு பயத்தை வைத்திருந்தார் என்பதை நான் அறிய அவர் இல்லாமற்போக வேண்டியிருந்தது.

நீ அப்போது குழந்தை, காய்ச்சலில் கிடந்தாய். மூதூரில் என் தகப்பனார் கடுமையாக வருத்தமாகிப் படுக்கையில் கிடக்கிறாரென்று செய்தி வந்தது. உன்னை விட்டுவிட்டு நான் போக முடியாது. உன் அப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டுப் குடாவைக் கடக்கும் பின்னேர லோஞ்சுப் படகில் திரும்பச் சொன்னேன். "நாளைக்கு விடியப் போறனே" என்றார். "இண்டைக்குச் சுணங்கினால் அம்மாள் கோவிப்பாவோ? நான் அவவோட கதைச்சுக்கொள்ளுறன், நீங்கள் போங்கோ" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிரித்துவிட்டுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்த லோஞ்சைக் குடாவின் நடுவில் கடற்படை மறித்துச் சோதித்ததில் அது கரைக்கு வரும்போது இருட்டிவிட்டது. இறங்குதுறையில் விளக்கு இல்லை. அவருக்குப் பின்னால் நின்றவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் துணி வியாபாரி, எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர். அடுத்த நாள் என் வீட்டுக்கு வந்து படியில் நின்றபடியே சொன்னார்: "தடுமாறினாரு ரீச்சர். கையப் பிடிக்கட்டா எண்டு கேட்டன். வேணாம் காக்கா, எனக்குத் தெரியுது எண்டாரு." தெரியுது என்று சொல்லிவிட்டு, லோஞ்சுக்கும் இறங்குதுறைப் பலகைக்கும் இடையில் ஒன்றுமில்லாத இடத்தில் காலை வைத்தார். தலை பலகையில் அடிபட்டிருந்தது. தண்ணீர் மிச்சத்தைச் செய்தது.

செத்த வீட்டில் மாமி மார்பில் அடித்துக்கொண்டு, ஊரெல்லாம் கேட்க என்னைப் பார்த்துக் கத்தினா: "சொன்னனானே! கொய்யகம் மடிக்கேக்க சொன்னனானே! நேர்த்தியை உடைச்சு என்ர தம்பியைத் திண்டவள்!" அன்றைக்கு வந்த பெயர் போகவேயில்லை. நேர்த்தியை உடைத்தவள். மீன் சந்தையில் எனக்கு இடம் விடுவார்கள், மரியாதைக்கு அல்ல. கோயிலில் சுமங்கலிகளுக்குக் குங்குமம் கொடுக்கும்போது தட்டை என்னைத் தாண்டி நீட்டுவார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ஆனால் நீ சின்னவனாக இருந்தபோது ஒருநாள் மாமி வீட்டுக்குப் போய்வந்து, "அம்மா, நீங்கள் ஏன் சாமியோட சண்டை பிடிச்சனீங்கள்?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை உன் வாயில் வைத்தவவை நான் அன்று குறித்துக்கொண்டேன்.

பிறகு நீ வளர்ந்தாய். பின்னேரங்களில் பந்து விளையாடிவிட்டு வரும்போது கடற்கரையில் இழுத்துக் கட்டிய தோணிக் கயிறுகளில் தடக்கி விழுந்து, முழங்கால் தோல் உரிந்து வருவாய். கவனமில்லாத பிள்ளை என்று ஏசினேன். மின்சாரம் நின்ற ஒரு மாலையில் உனக்கு நேரே நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை நீ காற்றில் தடவியதைக் கண்டதும் ஏச்சை நிறுத்திவிட்டு உன்னைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். அங்கே கண் வைத்தியர் உன் கண்மணியை மருந்து விட்டு விரித்து நீண்டநேரம் பார்த்தார். விழித்திரையின் ஓரமெல்லாம் கரிய புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன என்றார். தகப்பன் பக்கத்தில் இரவில் கண் தெரியாதவர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். "இரவில் கண் தெரியாதவர்கள் இல்லை, டொக்டர். இரவில் வெளியே போகாதவர்கள்தான் இருக்கிறார்கள்." சொல்லி முடிக்க முன்னரே எனக்கு விளங்கிவிட்டது. அவரும் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். வைத்தியம் இல்லை, மெல்ல மெல்லக் குறுகும் என்று அவர் சொன்னவை ஏதோ தூரத்திலிருந்து கேட்டன. எனக்கு அந்த இறங்குதுறைதான் தெரிந்தது. அம்மாளை நம்பும் ஒரு பெண்ணை அந்தக் குடும்பம் கட்டியிருந்தால் உன் அப்பா உயிரோடு இருந்திருப்பார். கண் என்று என்னிடம் சொல்லியிருந்தாலும் இருந்திருப்பார். நம்பாத ஒருத்தியிடம் நேர்த்தி என்ற கதையைச் சொல்லி, அவள் கையாலேயே அவரை அனுப்பவைத்தார்கள்.

திரும்பி வந்ததும் மாமியிடம் போனேன். "எங்கட பரம்பரையில கண் வருத்தமே இல்லை. உன்ர வயித்தில இருந்து வந்திருக்கும்" என்றா, கண்ணை இமைக்காமல். நான் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். அன்று பேசியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? என் வாய் மூடியிருப்பது அவவுக்குத் தேவைப்படும் ஒரு நாள் வரும் என்று தெரியும். அந்த நாள் உன் கலியாணமாக வந்திருக்கிறது.

காத்திருந்த காலத்தில் படித்தேன். என்னோடு படித்து வெளிநாட்டில் ஆய்வு செய்யும் ஒருத்தி கட்டுரைகளைப் பிரதியெடுத்து அனுப்புவாள். உனக்கு ஒருமுறை சுருக்கமாகச் சொன்னேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ கட்டப்போகிறவளுக்கு இதை நீதான் சொல்லவேண்டும். மங்கல் வெளிச்சத்தைப் பிடிப்பவை விழித்திரையிலுள்ள கோல் வடிவக் கலங்கள், அதாவது உயிரணுக்கள். அவற்றுக்குள்ளே ஒரு புரதம் நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. செய்யப்படும்போது அது மணி கோத்த நூல்போல நீளமாக வரும். சரியான வடிவில் மடிந்தால்தான் ஒளியைப் பிடிக்கும். தானே மடியத் தடுமாறும் புரதங்களுக்குப் பக்கத்தில் நின்று உதவும் வேறு புரதங்கள் உண்டு. பாடநூலில் துணைப் புரதங்கள் என்று எழுதுவார்கள். பிழையான இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து, மறுபடி மடியச் சந்தர்ப்பம் கொடுப்பது அவற்றின் வேலை. முதன்முதல் வாசித்தபோது எனக்குக் கூறைச் சேலையும் மாமியின் விரல்களும்தான் ஞாபகம் வந்தன. பரம்பரையலகில், அதாவது மரபணுவில், ஓர் எழுத்து மாறினாலும் ஒரு மணி மாறிவிடும். நூல் சரியாக மடியாது. துணைப் புரதங்கள் அதைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கும். முடியாவிட்டால் வெளியே விடாமல் உடைக்கக் கொடுத்துவிடும். உடைக்கக் கொடுத்தும் தீராமல் பிசகினவை குவியும்போது, தாயிடமிருந்து வந்த பழுதில்லாத பரம்பரையலகு செய்யும் நல்ல புரதங்களையும் அவை தம்மோடு சிக்கவைக்கும். களைத்துப்போய்க் கலமே செத்துவிடும். முதலில் இரவு போகும். பிறகு ஓரங்கள் போகும்.

உன்னுடையது அந்தப் புரதம்தானா என்று எனக்குத் தெரியாது. இரத்தத்தில் அதைச் சோதித்துப் பார்க்க இங்கே வசதியில்லை. மடிப்பைச் சரிசெய்ய உதவும் சிறு மருந்துகளை ஆய்வுகூடத்தில் தேடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் கலத்துக்கு நடப்பது உன் கண்ணுக்கு நடக்கும் என்று யாரும் சொன்னால் நம்பாதே. விற்றமின் குளிசையை அள்ளிப் போடாதே. சில வகைக்கு அது கெடுதல் செய்யக்கூடும். நம்பிக்கையை நான் தடுக்கவில்லை, விற்பனையைத்தான் தடுக்கிறேன். ஆனால் ஒன்றை நிச்சயமாகச் சொல்வேன். துணைப் புரதம் பிசகை மூடி அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கலத்துக்குள் இருக்கும் அந்த நேர்மை, ஊரில் பெரிய மனுசியாக நடக்கிற உன் மாமியிடம் இருக்கவில்லை.

இந்த யுத்தம் அவவுக்குச் செய்த உதவி கொஞ்சமல்ல. நேர்த்தி இல்லாத குடும்பங்களும் ஆறு மணிக்கு வாசற்படலையைச் சாத்திவிட்டன. குடாவுக்குள் தண்ணீருக்கடியால் சுழியோடிகள் வராதிருக்கக் கடற்படை வெடி போடும் சத்தத்தில் சன்னல் அதிரும்போது, யார் வெளியே போனார், யார் போகவில்லை என்று யாரும் பார்க்கவில்லை. சோதனைச் சாவடியில் எல்லா இளைஞர்களும் தடுமாறித்தான் நடந்தார்கள். இப்போது சம்பூர்ப் பக்கம் மறுபடி குண்டு விழுகிறது. "பிரச்சினை கூடுறதுக்கு முதல் முடிச்சுப்போடுவம், காலமை முகூர்த்தம், சின்னதாச் செய்வம்" என்று மாமி ஓடித்திரிகிறா. இருட்டுக் காலம் அவவுக்கு எப்போதும் வசதி.

ஆகவே நான் வதனியிடம் போய்விட்டேன். நீ கோபிப்பாய், கோபி. குச்சவெளியில் அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் காலை பஸ்ஸில் ஏறி, அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். சாவடியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டபோது, வரிசையில் நின்றபடி சொன்னேன்.

"என்ர மகனுக்கு இருட்டில கண் தெரியாது, பிள்ளை. பகலிலயும் ஓரம் குறைஞ்சுகொண்டு வருகுது."

"கண்ணாடி போட்டால் சரிவராதோ ரீச்சர்?"

"வராது."

கணக்குப் படிப்பிக்கிறவள் அல்லவா, அடுத்ததும் கணக்காகவே வந்தது. "பிள்ளையள் பிறந்தால்?"

"எங்கட குடும்பத்தில வந்திருக்கிற விதத்தைப் பார்த்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி. காசு சுண்டிற மாதிரி. முதல் பிள்ளைக்கு வந்திட்டுதெண்டு ரெண்டாவதைத் தப்பவிடாது."

"அது எனக்குத் தெரியும்" என்றாள், கொஞ்சம் கோபமாக. பைக்குள் இருந்ததைப் பொலிஸ்காரிக்குத் திறந்து காட்டிவிட்டு வந்து கேட்டாள்: "இது அவருக்குத் தெரியுமோ?"

"சின்ன வயசிலயிருந்து தெரியும்."

மறுபடி பஸ்ஸில் ஏறினோம். இறங்கும்போது, "கண் எனக்குப் பெரிய பிரச்சினையா இருந்திராது" என்றாள். "உங்களை மாமி எண்டு கூப்பிடப் பழகிக்கொண்டு வந்தனான். இப்போதைக்கு ரீச்சர் எண்டே கூப்பிடுறன்."

அடுத்ததாக மாமி வீட்டுக்குப் போனேன். வேண்டுமென்றே பொழுதுபடும் நேரம் பார்த்துப் போனேன். மின்சாரம் இல்லை. விறாந்தையில் தனியே இருந்தா. படியேறி அவவின் வலப்பக்கமாகப் போய், கை எட்டும் தூரத்தில் நின்றேன். அவ திரும்பவில்லை. பக்கத்து மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தேடி அவவின் விரல்கள் மேசை விளிம்பில் நடந்தன. செம்பைத் தாண்டிப் போயின. திரும்பி வந்து அதைத் தட்டிவிடப் பார்த்தன. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நேர்த்தி ஏன் ஆண்களுக்கு மட்டும் என்று கொய்யகம் மடித்த நாளில் கேட்காமல் விட்டேனே, அதற்குப் பதில் அந்தக் கதிரையில் இருந்தது. பெண்கள் எப்படியும் இரவில் வெளியே போவதில்லை, அவர்களுக்கு நேர்த்தி எதற்கு? இரக்கம் வந்ததா என்று கேட்பாய். வந்தது. நான் அதை வைத்துக்கொள்ளவில்லை.

"நான்தான், மச்சாள்" என்றேன்.

துள்ளிப்போனா. "பேய் மாதிரி வந்து நிக்கிறாய்! எப்ப வந்தனீ?"

"செம்பு தேடேக்க வந்தனான். வதனிக்குச் சொல்லிப்போட்டன்."

"நாசமாப் போவாய்! பெத்த பிள்ளையின்ர வாழ்க்கையில மண்ணைப் போடுற தாய் எங்கயும் இருப்பாளோ?"

"உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியேல்லை, மச்சாள்?"

"எனக்கென்ன? நான் வடிவாப் பார்க்கிறன்."

"அப்ப நான் என்ன நிறச் சீலை உடுத்திருக்கிறன்?"

"வெள்ளை" என்றா உடனே. "தாலி அறுத்தவள் வேற என்னத்தை உடுப்பாய்?"

அன்று நான் கிளிப்பச்சைச் சேலையில் போயிருந்தேன், தம்பி. நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தாயே, அது. மாமி கையை நீட்டி என் முந்தானையைத் தொட்டுப்பார்த்தா, தொட்டால் நிறம் தெரியும் என்பதுபோல. பிறகு வேறொரு குரலில், "அவனை நான் அனுப்பேல்லை. நீதான் அனுப்பினனீ" என்றா.

"ஓம், நான்தான் அனுப்பினன். தெரியாமல் அனுப்பினன். நீங்கள் தெரிஞ்சுகொண்டு என்னை அனுப்ப விட்டனீங்கள். இத்தனை வருசமும் தெரிஞ்சுகொண்டே ஊருக்கு என்னைக் காட்டிக் குடுத்தனீங்கள்."

செம்பு அங்கேயே இருந்தது. எடுத்துக் கையில் கொடுக்க எனக்கு ஒரு கணம் போதும். கொடுக்காமல் இறங்கி வந்தேன்.

வதனி நேற்று வீட்டுக்கு வந்தாள். அவளுடைய பதில் இதுதான், அப்படியே எழுதுகிறேன். "அவரை வரச்சொல்லுங்கோ ரீச்சர். விளக்கு வைச்சாப் பிறகு. எங்கட படலையடியில இருந்து விறாந்தைக்கு நடந்து வரட்டும். அம்மா அப்பா இருப்பினம், அயலும் இருக்கும். தடக்குப்பட்டால் தடக்குப்படட்டும். கையைப் பிடியுங்கோ எண்டு கேட்டால் நான் வந்து பிடிப்பன். எனக்குத் தெரியுது எண்டு நடிச்சுக்கொண்டு வந்தால், அப்பிடியே திரும்பிப் போகட்டும்." நான் அதற்குமேல் ஒன்றைச் சேர்த்தேன்: மாமியும் அதே படலையால், அதே நேரத்தில் வரவேண்டும். "பழி வாங்கிறியளோ ரீச்சர்?" என்றாள். "ஓம்" என்றேன். "சரி, கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

மாமிக்கு இன்று காலை சொல்லிவிட்டேன். வராவிட்டால் இந்தக் கடிதம் அவவின் பெயர் போட்டு அச்சாகும் என்பதையும் சொன்னேன். வருவா.

உன்னைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வரும் வெள்ளிக்கிழமை ஊரடங்கு போடாவிட்டால், அந்த முற்றத்தில் இருட்டில் நட. கோபத்தோடு வந்தாலும் வா. உன் அப்பாவிடம் ஒரு மனிதன் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதிலை நீ சொல்லாதே. என் கை வேண்டுமென்றால் கேள், அந்த நொடியே தருவேன். மாமிக்கும் தருவேன். ஆனால் முற்றத்தின் நடுவில் நின்று, ஊர் கேட்க, எனக்குக் கண் தெரியேல்லை, கையைப் பிடி என்று அவ தன் வாயால் என்னிடம் கேட்கவேண்டும். கேட்கும்வரை நான் என் கிளிப்பச்சைச் சேலையோடு அவவுக்கு மிகப் பக்கத்தில், பேசாமல் நிற்பேன்.

அம்மா